நாலாம் சேனல் அக்கா

பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் என் மனைவி பேசிக்கொண்டே வருவாள். பேச்சு திடீரென்று நின்றுபோனால் நான் பிரேக்கைப் பிடித்துவிடுவேன். கேம்ப் ரோட்டிலும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை நெரிசலிலும் இதற்காகப் பின்னால் வந்தவர்களிடம் நன்றாகத் திட்டு வாங்கியிருக்கிறேன். "ஏங்க, நான் மூச்சு விடக்கூடாதா?" என்று கேட்பாள். தாராளமாக விடலாம். என் கைக்குத்தான் அது புரியாது. அந்தக் கையை இப்படி ஆக்கிவைத்தவர் ஒரு அக்கா.

நான் பத்து வருடம் டவர் கிரேன் ஓட்டியவன். முடிச்சூர் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தபோது, அக்கா அங்கே எனக்கு சிக்னல் கொடுப்பவராக இருந்தார். பெயர் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் போன் போட்டு, "இன்னாத்துக்கு என் பேரை இழுத்தே?" என்று சண்டைக்கு வருவார்.

கேபினில் இருப்பவன் ராஜா மாதிரி என்று கீழே நிற்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மைதான், வண்டலூர் மலை தெரியும், தாம்பரம் யார்டில் நிற்கும் மின்சார ரயில்கள் தெரியும், மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானத்தின் வயிறு தெரியும். ஆனால் கட்டடம் ஏழெட்டு மாடி வளர்ந்துவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கிற பத்தடித் தரை தெரியாது. லோடு கண்ணில் படும்வரை கை சிக்னலே போதும். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் ஏற்ற வேண்டும், கீழே காட்டிச் சுழற்றினால் இறக்க வேண்டும், கையை நீட்டிப் பிடித்தால் நிறுத்த வேண்டும். லோடு கட்டடத்தின் பின்பக்கம் போய்விட்டால் வாக்கிடாக்கிதான். எங்களுக்கு நாலாம் சேனல்.

அந்தச் சேனலில் அக்காவின் குரல் இப்படி வரும்:

"வா... வா... பத்தடி கீது, வா... எட்டு கீது... காத்து அடிக்குது, மெதுவா வா... ஆறு... டீக்காரன் இன்னும் வரல, வா... நாலு கீது... கம்பி கட்டறவங்க தள்ளிக்கினாங்க, வா... ரெண்டு... வா, வா, வா... தரை. நில்லு."

ஒரு இடைவெளி கிடையாது. சொல்ல ஒன்றும் இல்லாத நேரத்தில் வெயிலைப் பற்றிச் சொல்வார், காலையில் வாங்கிய மீனின் விலையைச் சொல்வார், மறுபடி "வா" என்பார். எப்போது மூச்சு விடுகிறார் என்பது எங்களுக்குள் ஒரு பந்தயமாகவே இருந்தது. அந்த சைட்டில் நான் இருந்த காலத்தில் ஒரே ஒரு தடவை அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு மூன்று நாள் குரலே வரவில்லை. அதற்குக் காரணம் நான்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் நாளே என்னைக் கீழே வரவழைத்து ஒரு சட்டம் போட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம், எனக்கு முப்பத்தைந்து. புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, அதற்கு மேலே பச்சை ஜாக்கெட், தலையில் ஹெல்மெட், ஹெல்மெட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் மல்லிகைப் பூ. வாக்கிடாக்கியைப் பாலிதீன் பைக்குள் போட்டு ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருந்தார். இடுப்பில் சார்ஜ் ஏற்றிய இன்னொரு பேட்டரி.

"நான் பேசிக்கினு கீற வரைக்கும் நீ இறக்கு தம்பி. என் வாய் நின்னா உன் கை நிக்கணும். ஏன் நின்னுச்சுன்னு யோசிக்காத. நின்னுட்டு அப்பால யோசி."

நான் அதற்கு முன்பு சிறுசேரியில் பெரிய பெரிய கட்டடங்களுக்கு ஓட்டிவிட்டு வந்தவன். எனக்கே சொல்லித்தருகிறாரா என்று உள்ளுக்குள் கடுப்பு. "சரிக்கா" என்று சொல்லிவிட்டு ஏறிப்போய்விட்டேன்.

அக்கா இந்த வேலைக்கு வந்த கதையை சைட்டில் எல்லோரும் சொல்வார்கள். முதலில் சித்தாளாக மணல் சுமக்கத்தான் வந்தார். ஒருநாள் ஜல்லி லாரி ஒன்று ரிவர்ஸில் குழிப் பக்கம் வந்துகொண்டிருந்தது. டிரைவர் பீகாரி, தமிழ் தெரியாது. அக்காவுக்கு இந்தி தெரியாது. சட்டியை இறக்கி வைத்துவிட்டு லாரிக்குப் பின்னால் நின்று "வா வா வா வா" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். டிரைவரும் வந்துகொண்டே இருந்தார். குழிக்கு மூன்றடி இருக்கும்போது அக்கா வாயை மூடினார். லாரி நின்றுவிட்டது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த சேஃப்டி ஆபீசர் மறுநாளே அவரைப் பயிற்சிக்கு அனுப்பினார்.

அந்த ஆபீசர் நல்ல மனிதர்தான், ஆனால் புத்தகத்தில் இருக்கிறபடி எல்லாம் நடக்கவேண்டும் அவருக்கு. சிக்னல் சுருக்கமாக இருக்கவேண்டும், வேண்டாத பேச்சு சேனலில் வரக்கூடாது என்பார். இது தெரிந்துதான் நான் அவரிடம் போனேன். எனக்கு அப்போது அடிக்கடி தலைவலி வந்துகொண்டிருந்தது, காதுக்குள் இரைச்சல் வேறு. பழியை அக்காவின் மேல் போட்டேன்.

"சார், அந்தக்கா எஃப்.எம். ஸ்டேஷன் மாதிரி நாள் பூரா ஓடிட்டே இருக்காங்க. மேல உட்கார முடியல. ஏத்து, இறக்கு, நிறுத்து. மூணு வார்த்தை போதாதா சார்?"

ஆபீசர் அக்காவைக் கூப்பிட்டார். நானும் அங்கேதான் நின்றேன். போட்டுக்கொடுத்தது நான்தான் என்று என் முகமே காட்டியிருக்கும்.

"சுருக்கமா பேசலாம் சார், அது ஒண்ணும் பேஜார் இல்ல," என்றார் அக்கா. "ஆனா நடுவுல ஒரு கேப் கீது பாரு, அந்த கேப்புல நான் நிக்கிறேனா, விழுந்துட்டேனா, பேட்டரி பூட்ச்சான்னு மேல கீற தம்பிக்கு எப்படி சார் தெரியும்?"

ஆபீசர் விதியைச் சொன்னார். அக்கா வாக்கிடாக்கியைப் பாலிதீன் பையிலிருந்து எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தார். "அப்போ எனுக்கு இது வேணாம் சார். நான் மணல் சுமக்கவே போறேன்." என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கவலையாகப் பார்த்தார்.

அடுத்து வந்த சிக்னல்காரர் என் வயதுக்காரர், கச்சிதமான ஆள். "இறக்கு" என்பார், அப்புறம் "நிறுத்து" என்பார். நடுவில் ஒன்றுமே இருக்காது. ஆகா, இதல்லவா வேலை என்று நினைத்தேன். மௌனம் என்றால் இறக்கிக்கொண்டே இரு என்று என் கை மூன்றே வாரத்தில் புதுப்பாடம் படித்துக்கொண்டது.

நான்காவது வாரம், பின்பக்கம் இரும்புக் குழாய்க் கட்டு ஒன்றை இறக்கவேண்டியிருந்தது. "இறக்கு" என்றார். இறக்கினேன். மௌனம். இறக்கிக்கொண்டே இருந்தேன். கம்பி தொய்ந்ததும்தான் லோடு தரையைத் தொட்டுவிட்டது என்று தெரிந்தது. "நிறுத்து" வரவே இல்லையே என்று அதற்கப்புறம்தான் உறைத்தது. அவருடைய பேட்டரி பாதியில் செத்திருக்கிறது. உயிரில்லாத வாக்கிடாக்கியில் தொண்டை கிழிய "நிறுத்து நிறுத்து" என்று கத்தியிருக்கிறார். குழாய்க் கட்டு உட்கார்ந்த இடத்தில் அதற்குச் சற்று முன்புவரை ஒரு ஒடியா கம்பிக்காரர் சாப்பாட்டை எடுக்கக் குனிந்திருக்கிறார். சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்து, கேரியரை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

நான் இறங்கிப் போனபோது அவர் தட்டையாகிப்போன கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"சிக்னல் நின்னதும் நீ ஏன் நிறுத்தல?" என்று ஆபீசர் கேட்டார்.

"அவர் எப்பவுமே பேச மாட்டாரே சார்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. ஆபீசருக்கும் கேட்டது. அவர் அந்தக் கேரியரை வாங்கித் தன் மேசைமேல் வைத்தார். சைட் முடியும்வரை அது அங்கேயேதான் இருந்தது.

அன்று மாலை அக்காவிடம் மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன். வேலை முடிந்து தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் போயிருப்பார் என்று சொன்னார்கள். போனேன். ஸ்டேஷனின் நடைபாலத்தில் ஏறும்போதே அந்தக் குரல் கேட்டது.

"வா... படி... படி... கூட்டம் வருது, இடதுபக்கம் ஒட்டிக்கோ... படி... இன்னும் நாலு கீது... படி... ஒருத்தன் நடுவுல குந்திகினு கீறான், மனுசனுக்கு அறிவு கீதா பாரு... படி... ஆச்சு, மேல வந்துட்டே... நேரா வா..."

அக்கா பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். எதிரே ஒரு வயதானவர், கறுப்புக் கண்ணாடி, கையில் மடக்குக் குச்சி. கழுத்திலிருந்து தொங்கிய பலகையில் ஏடிஎம் கார்டு உறை, நெயில் கட்டர், சேஃப்டி பின் வளையம். கடற்கரை ரயிலில் போகிறவர்கள் எல்லோரும் இப்படி ஒருவரைப் பார்த்திருப்பார்கள். நான் இவரிடமே கார்டு உறை வாங்கியிருக்கிறேன். கையைப் பிடித்து அழைத்துவரவில்லை அக்கா, தொடக்கூட இல்லை. அக்கா என்னைப் பார்த்துவிட்டு ஒரு நொடி வாயை மூடினார். அந்தப் பெரியவர் தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என் நைனா," என்றார் அக்கா. "கையைப் புடிச்சா கோவம் வந்துடும் அவருக்கு. சின்ன வயசிலேர்ந்து வாயாலதான் இட்டுகினு போறேன்."

நான் யோசித்து வைத்திருந்த மன்னிப்பெல்லாம் மறந்துபோயிற்று. மேலே உட்கார்ந்திருக்கும் என்னை ராஜா என்று எல்லோரும் நினைத்தபோது, இந்த ஒருத்தர் மட்டும் நான் யார் என்று சரியாகக் கண்டுபிடித்து வைத்திருந்திருக்கிறார். "அக்கா, நான்தான் போட்டுக்கொடுத்தேன். திரும்ப வாங்கக்கா," என்று மட்டும் சொன்னேன். பெரியவர் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி, "இவன்தான் உன் மேல்வூட்டுக்காரனா?" என்று கேட்டார். அக்கா சிரித்துவிட்டார்.

திரும்பி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனையோடு. அவர் ஒருமுறை கிரேன் மேல் ஏறிப் பார்க்கவேண்டும். "அந்தத் தம்பிக்கு இன்னா தெரியுது, இன்னா தெரியலன்னு நானே பாக்கணும் சார்." ஆபீசர் பெல்ட் மாட்டி, துணைக்கு ஒரு ரிக்கரை அனுப்பினார். லோடு கட்டுவதும் உயரத்தில் ஏறி வேலை செய்வதும் ரிக்கர்களின் தொழில். உயரம் என்றால் அக்காவுக்கு நடுக்கம். கண்ணைக் கம்பியில் வைத்துக்கொண்டு, எண்ணிக்கொண்டே ஏறினார். கேபினுக்கு வந்ததும் வண்டலூரையும் பார்க்கவில்லை, விமானத்தையும் பார்க்கவில்லை. கட்டடத்தின் பின்பக்கத்தை எட்டி எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியலியே தம்பி உனுக்கு!" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் பத்து வருட வேலையில் எனக்காக அப்படிக் கலங்கியவர் வேறு யாருமில்லை.

இறங்கிப் போனதும் ஆபீசரிடம் கணக்கு ஒப்பித்தாராம். எட்டு மேடை, மேடைக்கு இருபது படி, மேலேயிருந்து மூன்றாவது மேடைக்குக் கீழே ஏழாவது படி வளைந்திருக்கிறது. நான் தினமும் ஏறி இறங்குகிறவன், எனக்கு அந்த ஏழாவது படி தெரியவே தெரியாது. மாற்றும்வரை எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று ஆபீசர் அதற்குச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு நாலாம் சேனலில் மற்ற யாரும் வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. தலைவலி எனக்குப் போகவில்லை. அக்கா சேனலில் இல்லாத அந்த வாரங்களிலும் அது இருந்ததால், அக்கா காரணமில்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது.

காரணம் ஒரு காலை பதினொரு மணிக்குத் தெரிந்தது. வெறும் கொக்கியைத் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வண்டலூர் மலை சாய்ந்தது. ரயில் யார்டு தலைக்கு மேலே போயிற்று. நாற்காலியைப் பிடித்தால் நாற்காலியும் சுற்றியது. கையை மட்டும் எப்படியோ லிவரிலிருந்து எடுத்து மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"தம்பி, கொக்கி நின்னுச்சு. நான் இன்னும் பேசிக்கினுதானே கீறேன். இன்னாச்சு?"

"சுத்துதுக்கா."

"எது, கிரேனா நீயா?"

"நான்."

"கண்ணை மூடு. மூடிகினே இரு. நான் இங்கதான் கீறேன்."

கண்ணைத் திறந்தால் வாந்தி. மூடினால் கொஞ்சம் பரவாயில்லை. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று, ஜி.எஸ்.டி. ரோட்டில் நெரிசல், எப்போது வரும் என்று தெரியாது. தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இடி மின்னல் வந்தால் அந்த இரும்புக் கூண்டுக்குள் யாரும் இருக்க முடியாது. இரண்டு ரிக்கர்கள் ஏறிவந்து எனக்குப் பெல்ட்டும் கயிறும் மாட்டினார்கள். ஒருவர் எனக்கு மேலே, ஒருவர் கீழே. ஆனால் என் கால் அசையவில்லை. நூற்று அறுபது படி. மூடிய கண்ணுக்குள்ளும் எல்லாம் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது ஆறு வயது மகள். அவள் முகம்கூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவு பயம்.

வாக்கிடாக்கியை என் தோளில் பின் குத்தி மாட்டினார் ரிக்கர். கீழே ஆபீசர் சைட் முழுக்க ஓடி, யாரும் பட்டனில் விரல் வைக்கக்கூடாது என்று கத்திக்கொண்டிருந்தாராம். தன்னுடைய வாக்கிடாக்கியின் பேட்டரியையே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாராம். இதெல்லாம் பிற்பாடு சொல்லிக் கேட்டது. எனக்கு அப்போது தெரிந்தது ஒரே ஒரு குரல்தான்.

"இடது கால் கீழ... வை... ஒண்ணு. வலது கால்... வை... ரெண்டு. வா... மூணு... கையை மாத்து... வா... நாலு... காத்து கொஞ்சம்தான், ஒண்ணும் ஆவாது, வா... அஞ்சு..."

அக்கா ஓடிப்போய்க் கட்டடத்தின் மேல்தளத்தில் நின்றிருக்கிறார். நான் ஒரு மேடை இறங்கினால் அவரும் கட்டடத்துக்குள் படி இறங்கி, கீழ்த்தளத்தின் விளிம்புக்கு வந்து நிற்பார். உயரம் பார்த்தாலே நடுங்குகிறவர், தடுப்புக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டு. அவர் படியில் இருக்கும்போது என்னைப் பார்க்க முடியாது. அதற்காகப் பேச்சை விட்டாரா? "நில்லு... நான் படி இறங்கறேன், நீ நில்லு... நில்லு தம்பி... முட்டி வலிக்குது எனுக்கு, நில்லு... தோ வந்துட்டேன், பாத்துட்டேன் உன்னை... இடது கால்..."

மூன்றாவது மேடைக்குக் கீழே, "அஞ்சு... ஆறு... அடுத்தது வளைஞ்சது, அதுல கால் வெச்சுடாத, தாண்டி வை... தாண்டு... எட்டு. ஷோக்கா வந்தே. ஒம்போது..." சிவப்புப் பெயிண்ட் கண்ணை மூடியிருந்தவனுக்கு என்ன உதவும்? அக்கா என்றைக்கோ பயந்து பயந்து எண்ணி வைத்த கணக்குதான் உதவியது.

காதில்தான் கோளாறு என்று பிறகு குரோம்பேட்டையில் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். இனிமேல் உயரத்தில் ஏறக்கூடாது என்றும் சொன்னார். இப்போது நான் தரையில்தான். கேளம்பாக்கத்தில் ஒரு சைட்டில் எந்த லோடு எப்போது ஏறவேண்டும் என்று திட்டம் போடுகிறேன். சிக்னல் கொடுப்பவர்கள் அங்கே இடைவிடாமல் பேசுவார்கள், நான் விதி போட்டிருக்கிறேன். யாரிடமிருந்து எடுத்தது என்று கேட்டால் சொல்லிவிடுவேன், பெயரை மட்டும் விட்டுவிட்டு. அக்கா இப்போது பெருங்களத்தூர் பக்கம் வேலை செய்கிறார். நைனா ரயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாராம். பொங்கலுக்குப் பொங்கல் அவர்கள் வீட்டுக்குப் போவோம். என் மகள் கண்ணை மூடிக்கொண்டு, "அத்தை, என்னை சமையல்கட்டு வரைக்கும் இறக்கு" என்பாள். அக்கா இறக்குவார்.

அன்றைக்கு என்னை இறக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கடைசி மேடைக்கு வந்தபோது அந்தக் குரல் பாதி காற்றாகிவிட்டிருந்தது. மழையின் முதல் சொட்டுகள் என் கைமேல் விழுந்தன.

"பதினேழு... வா... பதினெட்டு... வா... பத்தொம்போது... இருபது."

பேச்சு நின்றது. நானும் நின்றேன். காலுக்குக் கீழே மண் இருப்பது தெரிகிறது, ரிக்கர்கள் என் முதுகில் தட்டுகிறார்கள், யாரோ தண்ணீர் நீட்டுகிறார்கள். கண்ணை மூடியபடியே, இரண்டு கையாலும் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆபீசர் "விடுப்பா, விடுப்பா" என்றார். விடவில்லை. இழுத்துப் பார்த்தார்கள். வரவில்லை.

பிறகு வாக்கிடாக்கியில் இல்லாமல், என் காதுக்குப் பக்கத்திலேயே, மூச்சு வாங்கிக்கொண்டு அந்தக் குரல் வந்தது.

"தரை வந்துடுச்சு தம்பி. இனிமே என்னால பேச முடியாது. நீயா வா."

கையை விட்டேன்.